எஃப் சோதனையைத் தாண்டினால்தான் டூக்கியா? ஒரே நெல் தரவில் பல வழிகள்

காலபோக அறுவடை முடிந்து விளைச்சல் எண்கள் கணினிக்குள் போனதும், இலங்கையின் வன்னியில் பரிசோதனை வைத்த பலரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகர் விவசாய பீடத்தில் இறுதியாண்டு ஆய்வு செய்பவர்களும் சரி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் கமக்காரரின் வயலிலேயே நெல்லினங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் விவசாயப் போதனாசிரியர்களும் சரி. பல இனங்களின் சராசரிகளை ஒருசேர ஒப்பிடும் மாறற்றிறன் பகுப்பாய்வு, எல்லோரும் சொல்கிற அனோவா, செய்தாயிற்று. எஃப் பெறுமானம் வந்துவிட்டது. அது பொருளுண்மையானது, அதாவது தற்செயலால் மட்டும் வர வாய்ப்புக் குறைவான அளவு பெரியது என்றால், அடுத்து இனங்களைச் சோடி சோடியாக ஒப்பிட எந்த முறை: எல்.எஸ்.டி.யா, டங்கனா, டூக்கியா? பொருளுண்மையற்றது என்றால் அத்தோடு நிறுத்திவிடுவதா?

பெரும்பாலானவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட விதி ஒன்றுதான்: முதலில் எஃப், அது தாண்டினால்தான் சோடி சோடியாக ஒப்பிடலாம். இந்த விதி சில முறைகளுக்கு அத்தியாவசியம். வேறு சில முறைகளுக்கு அது தேவையே இல்லை, நட்டமும்கூட. எந்த முறைக்கு எது என்று பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் பொதுவாக அதைப் பிடித்துக்கொண்டால், ஒரு போகம் முழுக்க சேற்றில் நின்று எடுத்த தரவில் இருக்கிற பதில் அறிக்கைக்கு வராமலே போய்விடும். அதனால்தான் இந்த வழிகளை ஒரே தரவின் மேல் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஐந்து இனம், நாலு பிளாக்

கீழே வருபவை விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட எண்கள். எந்த நெல்லினத்தின் உண்மையான விளைச்சலும் அல்ல.

இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் ஒரு வயல் என்று வைத்துக்கொள்வோம். வாய்க்காலின் தலைப்பக்கத்து வயலும் கடைசிப்பக்கத்து வயலும் ஒரே மாதிரித் தண்ணீர் பெறுவதில்லை என்பதால், தலையிலிருந்து கடைசி வரை நாலு பிளாக்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஐந்து இனங்களையும் குலுக்கிப் போட்டு விதைத்திருக்கிறோம். அ, ஆ இரண்டும் ஊரில் வழக்கமாக விதைப்பவை. இ, ஈ, உ மூன்றும் புதியவை. ஹெக்டேயருக்கு மெற்றிக் தொன் கணக்கில் இடை (சராசரி) விளைச்சல்: அ 4.00, ஆ 4.05, இ 4.70, ஈ 4.82, உ 4.86. பிழையின் இடை வர்க்கம், அதாவது இனத்தாலோ பிளாக்காலோ விளக்க முடியாத ஏற்றத்தாழ்வின் அளவு, 0.16. அதற்குரிய டிகிரி ஒவ் ஃப்ரீடம் 12.

எஃப் பெறுமானம் 4.52 வருகிறது. 5 சதவீத மட்டத்தில் எல்லை 3.26. ஆக, தாண்டிவிட்டது.

இனி சோடிகள். டூக்கி முறையில் இரண்டு இடைகளுக்கு நடுவே குறைந்தது 0.90 வித்தியாசம் இருக்க வேண்டும். இங்கே உள்ள மிகப்பெரிய வித்தியாசமே அ, உ இரண்டுக்கும் இடையிலான 0.86. ஒரு சோடிகூடத் தேறவில்லை. அதே தரவில் எல்.எஸ்.டி. எல்லை 0.62. அதன்படி பழையது ஒன்று, புதியது ஒன்று என்று சேர்கிற ஆறு சோடிகளும் தேறிவிடுகின்றன.

எஃப் ‘வித்தியாசம் உண்டு’ என்கிறது, டூக்கி ‘எந்தச் சோடியிலும் இல்லை’ என்கிறது. இந்த இடத்தில்தான் பலர் தரவை எங்கேயோ பிழையாகப் பதிந்துவிட்டோம் என்று நினைத்து எக்செல் தாளை மறுபடி புரட்டுகிறார்கள். தரவில் பிழை இல்லை. இரண்டு சோதனைகளும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன.

எஃப் பெறுமானம் ஐந்து இடைகளும் பொது இடையிலிருந்து விலகிய அளவை வர்க்கித்து, எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறது. குளத்தின் துருசு திறந்தது தெரியும், தண்ணீர் எந்த வயலுக்குப் போனது என்று அது சொல்லாது. டூக்கியின் சோதனையோ மிகப்பெரிய இடைக்கும் மிகச்சிறிய இடைக்கும் உள்ள தூரத்தை அடிப்படையாகக் கொண்டது. நம் எண்களில் இரண்டு கீழே ஒரு கூட்டமாகவும் மூன்று மேலே ஒரு கூட்டமாகவும் நிற்கின்றன. ஒவ்வொன்றுமே பொது இடையிலிருந்து விலகி நிற்பதால் எஃப் பெரிதாகிறது. இரு முனைகளுக்கும் இடையே உள்ள தூரம் மட்டும் அவ்வளவு பெரிதில்லை.

எதிர்ப்பக்கமும் நடக்கும். அதே பிழை, அதே நாலு பிளாக், இடைகள் மட்டும் 4.00, 4.44, 4.46, 4.48, 4.92 என்று இருக்கட்டும். நடுவில் மூன்று இனங்கள் பொது இடையை ஒட்டியே நிற்பதால் எஃப் 2.65க்கு இறங்கிவிடுகிறது. 3.26ஐத் தாண்டவில்லை. ஆனால் இரு முனைகளின் வித்தியாசம் 0.92. டூக்கியின் 0.90ஐத் தாண்டிவிட்டது. ‘எஃப் தாண்டவில்லை, நிறுத்து’ என்ற விதியைப் பிடித்தவர் இந்த இடத்தில் ஒரு நேர்மையான கண்டுபிடிப்பைத் தூக்கிப் போடுகிறார். டூக்கி முறை பத்துச் சோடிகளுக்கும் சேர்த்தே மொத்தப் பிழையை, அதாவது ஒரு சோடியாவது தவறாகத் தேறும் வாய்ப்பை, 5 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறது. அதற்கு எஃப் சோதனையின் பாதுகாப்புத் தேவையில்லை. ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட ஒன்றுக்கு முன்னால் இன்னொரு நிபந்தனை வைத்தால், உண்மையான வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்புத்தான் குறையும்.

அப்படியானால் அனோவாவே வேண்டாமா? வேண்டும். டூக்கிக்கும் பின்னால் பார்க்கப்போகும் டனெட் முறைக்கும் தேவைப்படும் அந்த 0.16 என்ற பிழை அனோவா அட்டவணையில் இருந்துதான் வருகிறது. பிளாக்குகளின் வித்தியாசத்தை அது கழித்துத் தராவிட்டால், வாய்க்காலின் தலையும் கடைசியும் தந்த ஏற்றத்தாழ்வு முழுக்கப் பிழைக்குள் போய்ச் சேரும். அட்டவணை அவசியம். அதில் உள்ள எஃப் பெறுமானத்தை ஒரு முன்நிபந்தனையாக வைப்பதுதான் விவாதத்துக்குரியது.

அந்த விதி எங்கே பிறந்தது

ரொனால்ட் ஃபிஷர் 1919இல் இங்கிலாந்தின் றொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அங்கே குவிந்து கிடந்த பயிர்த் தரவுகளோடு வேலை செய்தபோதுதான் மாறற்றிறன் பகுப்பாய்வை வளர்த்தெடுத்தார். எஃப் என்ற எழுத்து அவருடைய பெயரின் முதல் எழுத்து. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஸ்னெடகோர் அவரைக் கௌரவித்து 1934இல் வைத்தது. முதலில் எஃப், பிறகு இரண்டு இடைகளை ஒப்பிடும் சாதாரண டி சோதனை என்ற இரண்டு படி முறை ஃபிஷரிடமிருந்து வந்தது. இன்று பாதுகாக்கப்பட்ட எல்.எஸ்.டி. என்று அழைப்பது இதைத்தான்.

எல்.எஸ்.டி.யின் இரண்டாவது படியில் எந்தத் திருத்தமும் இல்லை. ஒவ்வொரு சோடிக்கும் 5 சதவீதப் பிழை. ஐந்து இனங்களும் உண்மையில் சமமாக இருந்தாலும், எஃப் இல்லாமல் பத்துச் சோடிகளையும் இப்படிப் பார்த்தால் ஒன்றாவது தவறாகத் தேறிவிடும் வாய்ப்பு கால் பங்குக்கும் மேல். அதனால் இந்த முறைக்கு எஃப் கட்டாயம். விதி பிறந்த இடத்தில் விதி சரி.

ஆனால் அந்தப் பாதுகாப்பும் முழுமையானது மூன்று பரிகரணங்கள் (ஒப்பிடப்படும் இனங்களோ உர அளவுகளோ) இருக்கும்போது மட்டுமே. மூன்றும் சமம் என்றால் எஃப் தடுத்துவிடும். ஒன்று மட்டும் வேறு என்றால் மிச்சம் இருக்கும் சமமான சோடி ஒன்றே ஒன்று, அதற்கு 5 சதவீதம். எப்படிப் பார்த்தாலும் கணக்கு 5க்குள் நிற்கிறது. பரிகரணங்கள் நாலாகும்போது இது உடைகிறது. ஐந்து இனங்களில் ஒன்று மிக மோசம், மற்ற நாலும் சமம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த மோசமான ஒன்றே எஃப் சோதனையைத் தாண்டவைத்துவிடும். அதன்பிறகு சமமான நாலுக்குள் உள்ள ஆறு சோடிகளுக்கும் எந்தக் காவலும் இல்லை. அவற்றில் ஒன்றாவது தவறாகத் தேறும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. உப்புத் தாங்காத ஓர் இனத்தை உவர் ஏறிய வயலில் வைத்தால் நடப்பது இதுதான். அது செத்துப்போகும், எஃப் வானத்துக்கு ஏறும், மற்ற இனங்களுக்குள் இல்லாத வித்தியாசங்கள் அறிக்கைக்குள் வந்து உட்காரும்.

இந்த ஓட்டையை அந்தோணி ஹேய்ட்டர் 1986இல் ஓர் எளிய மாற்றத்தால் அடைத்தார். முதலில் எஃப். அது தாண்டினால், ஐந்து இடைகளுக்கான டூக்கி எல்லைக்குப் பதிலாக நாலு இடைகளுக்கான எல்லையைப் பயன்படுத்து, அவ்வளவுதான். நம் தரவில் 0.90 என்ற எல்லை 0.84 ஆகக் குறைகிறது. அ, உ இரண்டுக்கும் இடையிலான 0.86 இப்போது தேறிவிடுகிறது. டூக்கிக்குத் தெரியாமல் போன ஒரு சோடி இங்கே கிடைக்கிறது, மொத்தப் பிழை 5 சதவீதத்தைத் தாண்டாமலே. எஃப் சோதனையை முன்னால் வைப்பதற்கு ஓர் ஊதியம் கிடைக்கும் இடம் இது. முன்னால் நிபந்தனை போட்டால் பின்னால் எல்லை குறைய வேண்டும். குறையவில்லை என்றால் அந்த நிபந்தனையால் யாருக்கும் பயனில்லை. எந்த முறையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். நம் இரண்டாவது எண் வரிசையில் ஹேய்ட்டர் முறை எஃப் படியிலேயே நின்றுவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே நேரடி டூக்கிதான் வென்றது. இரண்டில் எது நல்லது என்பது, இடைகள் கூட்டமாக நிற்குமா, முனைகளில் நிற்குமா என்பதைப் பொறுத்தது. அது விதைக்கும்போது தெரியாது. ஆகவே ஒன்றை முன்கூட்டியே தெரிவுசெய்து அதிலேயே நிற்க வேண்டும்.

டங்கன் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1955இல் வந்தது. விவசாய ஆய்வறிக்கைகளில் இன்றும் நிறையக் காண்கிறோம், வேறுபடும் இடைகளுக்குப் பக்கத்தில் போடும் வெவ்வேறு எழுத்துகள் அழகாகப் பிரிந்து வருவதால். ஐந்து இனங்களுக்கு அது அனுமதிக்கும் மொத்தப் பிழை 18.5 சதவீதம். 5 சதவீத மட்டம் என்று எழுதிவிட்டு அதைப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி சோடிகளைப் பற்றியதே இல்லை என்றால்

இதுவரை பார்த்தது பத்துச் சோடிகளும் வேண்டும் என்ற எண்ணத்தில். உண்மையில் கமக்காரர் யாரும் பத்துச் சோடிகளைக் கேட்பதில்லை. ‘நான் இப்போ விதைக்கிறதைவிட இது நல்லதா?’ என்றுதான் கேட்கிறார். ஆட்டக்காரியோ பி.ஜி. 300ஓ ஏ.ரி. 362ஓ விதைத்துப் பழகியவருக்கு, இரண்டு புதிய இனங்களில் எது எதைவிட மேல் என்பது அடுத்த கவலைதான்.

அந்தக் கேள்விக்கு உரிய முறை டனெட், அதுவும் 1955இல் வந்தது. ஒரு கட்டுப்பாட்டு இனத்தோடு மட்டும் மற்ற எல்லாவற்றையும் ஒப்பிடும். பத்துக்குப் பதில் நாலே ஒப்பீடுகள் என்பதால் எல்லையும் குறைவு. நம் முதல் தரவில் அ தான் கட்டுப்பாடு என்று விதைப்புக்கு முன்பே எழுதிவைத்திருந்தால் எல்லை 0.80க்குச் சற்றுக் கீழே. ஈ 0.82 கூட, உ 0.86 கூட. இரண்டும் தேறுகின்றன. இ 0.70 தான் கூட என்பதால் தேறவில்லை. டூக்கி ஒன்றும் இல்லை என்ற அதே தரவில் இரண்டு இனங்களைத் துணிந்து பரிந்துரைக்க முடிகிறது. இதற்கும் எஃப் முன்நிபந்தனை இல்லை. டனெட்டின் எல்லை தன் நாலு ஒப்பீடுகளுக்கும் சேர்த்துத் தானே பிழையைக் கட்டுப்படுத்துகிறது.

இன்னொரு விதமான கேள்வியும் இருக்கிறது: புதிய மூன்றும் சேர்ந்து பழைய இரண்டைவிட மேலா? விதைப் பரம்பலைத் திட்டமிடுபவருக்கு இது முக்கியம். பழைய இரண்டின் இடை 4.03, புதிய மூன்றின் இடை 4.79, வித்தியாசம் 0.77. இந்த ஒரே ஒப்பீட்டை முன்பே தீர்மானித்திருந்தால் சாதாரண டி சோதனை போதும், எல்லை வெறும் 0.40. வயலைப் பார்த்த பிறகு, எண்களைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வி தோன்றியிருந்தால் ஷெஃபே முறை வேண்டும். 1953இல் வந்தது. எல்லை 0.66. அதையும் 0.77 தாண்டுகிறது.

எஃப் சோதனைக்கு உண்மையான சோடி ஷெஃபேதான். எஃப் தாண்டினால் ஷெஃபே முறையில் ஏதாவது ஓர் ஒப்பீடாவது கட்டாயம் தேறும். எஃப் தாண்டாவிட்டால் எதுவும் தேறாது. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு முகங்கள். முதல் தரவில் எஃப் பார்த்த வித்தியாசம் எங்கே என்று டூக்கியிடம் தேடினோம், கிடைக்கவில்லை. அது சோடிகளுக்குள் இருக்கவில்லை. இரண்டு கூட்டங்களுக்கு இடையே இருந்தது. சோடிகளை மட்டும் பார்க்க ஷெஃபேயைப் பயன்படுத்தினால் எல்லை 1.02க்கு ஏறிவிடும், அதற்கு டூக்கியே மேல்.

பரிகரணங்கள் இனங்களாக இல்லாமல் அளவுகளாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்ததற்குப் பிறகு சேதனப் பசளையை எவ்வளவு போடுவது என்ற கேள்வி பலருக்கும் எழுந்தது. ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று ஐந்து படிகளில் போட்டுவிட்டு, இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் டூக்கி பார்ப்பதில் பொருளில்லை. அளவு கூடக் கூட விளைச்சல் எப்படி ஏறுகிறது, எங்கே தட்டையாகிறது என்ற கோடுதான் வேண்டும். அதற்குப் பிற்செலவுப் பகுப்பாய்வு (ரிக்ரெஷன்) செய்யுங்கள், இல்லையென்றால் நேர்கோடு, வளைகோடு என்ற போக்கு ஒப்பீடுகளைச் செய்யுங்கள்.

எதைத் தெரிவது

மூன்றே பரிகரணங்கள் என்றால் எஃப், அது தாண்டினால் எல்.எஸ்.டி. இதைவிட நல்லது வேண்டியதில்லை. பழைய இனத்தோடு ஒப்பீடு என்றால் டனெட், எஃப் என்ன சொன்னாலும். எல்லாச் சோடிகளும் உண்மையாகவே வேண்டும் என்றால் நான் நேரடி டூக்கியைத் தெரிவேன். நம்பிக்கை ஆயிடைகளையும், அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சுகளையும், அது சேர்த்தே தருகிறது என்பது என் காரணம். மேற்பார்வையாளர் எஃப் தாண்ட வேண்டும் என்று நின்றால் ஹேய்ட்டர் முறையைக் காட்டுங்கள். அவருடைய நிபந்தனையும் நிறைவேறும், உங்களுக்கும் அதன் பலன் கிடைக்கும். ஏதோ சில ஒப்பீடுகள் மட்டும் முன்பே குறித்திருந்தால் ஹோல்ம் 1979இல் தந்த படிமுறைத் திருத்தம் போதும். 5 சதவீதத்தை ஒப்பீடுகளின் எண்ணிக்கையால் பிரிக்கும் பொன்ஃபெரோனி திருத்தத்தைவிட அது எப்போதும் சமம் அல்லது மேல்.

செய்யக் கூடாதது ஒன்றுதான்: எல்லா முறையையும் மென்பொருளில் அழுத்திப் பார்த்து, பிடித்த எழுத்துகள் வந்ததை அட்டவணையில் ஒட்டுவது. அப்படிச் செய்தால் எந்த முறையின் 5 சதவீதமும் 5 சதவீதமாக இருக்காது.

வன்னி வயலுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. யானை ஒரு பிளாக்கின் ஓரத்தை மிதித்துவிட்டுப் போகும், பன்றி ஒரு பாத்தியைக் கிளறும், மார்கழி மழையில் பள்ளத்துப் பாத்தி மூழ்கும். பாத்திகள் குறைந்து எண்ணிக்கை சமமில்லாமல் போனால் டூக்கி–கிரேமர் வடிவத்தைப் பயன்படுத்துங்கள், பெரும்பாலான மென்பொருள்கள் தாமாகவே அதைச் செய்கின்றன. வெறும் இடைக்குப் பதில் பிளாக்குக்குத் திருத்திய இடையை எடுக்க மறக்க வேண்டாம். பிளாக் இல்லாத பரிசோதனையில் ஒரு பரிகரணத்தின் ஏற்றத்தாழ்வு மற்றவற்றைவிடப் பல மடங்கு என்றால், சாதாரண எஃப் இடத்தில் வெல்ச் முறையும் டூக்கி இடத்தில் கேம்ஸ்–ஹொவெல் முறையும் பாதுகாப்பானவை.

அறிக்கையில் எழுத்துகளோடு நிறுத்த வேண்டாம். ஒரே எழுத்துப் பெற்ற இரண்டு இனங்களும் சமம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். நம் முதல் தரவில் அ, உ இரண்டுக்கும் டூக்கி ஒரே எழுத்தைத்தான் தரும். ஆனால் அந்த வித்தியாசத்தின் ஆயிடை −0.04 இலிருந்து 1.76 வரை. வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம், ஹெக்டேயருக்கு ஒன்றே முக்கால் தொன்னும் இருக்கலாம். இப்படி எழுதினால் அடுத்த போகத்தில் இந்த இனத்தை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது படிப்பவருக்கே தெரியும். ‘பொருளுண்மையான வேறுபாடு இல்லை’ என்ற ஒரு வரி அதை மூடிவிடுகிறது.

முறைகளுக்கு இடையிலான இந்தப் போட்டியைவிடப் பெரிய வித்தியாசத்தைத் தருவது பிளாக்குகளின் எண்ணிக்கை. நாலு பிளாக்கில் டூக்கியின் எல்லை 0.90, ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 365 கிலோ. அதற்குக் குறைந்த எந்த வித்தியாசத்தையும் இந்தப் பரிசோதனையில் டூக்கி பிடிக்காது. ஒரு கமக்காரருக்கு அது எத்தனை மூடை நெல் என்று நீங்களே கணக்குப் போடலாம். அதே பிழையோடு ஆறு பிளாக் வைத்தால் எல்லை 0.69, ஏக்கருக்கு 280 கிலோ. மேலதிகமாகத் தேவைப்படுவது பத்துப் பாத்திகளும் அவற்றுக்கான விதையும் அறுவடை ஆட்களும். அடுத்த காலபோகத்துக்குத் திட்டம் எழுதுகிறவர்கள், எந்தச் சோதனை என்று எழுதும் வரிக்கு மேலே இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிழையின் இடை வர்க்கம் எவ்வளவு வரும் என்று தெரியாவிட்டால், அதே பகுதியில் முன்பு நடந்த பரிசோதனை ஒன்றின் அனோவா அட்டவணையில் அது இருக்கும்.